மழைப்படத்தின் கடைசி ஆள்

"இல்லை அக்கா, சும்மா கத்தாதேங்கோ. பொட்டு வைக்கச் சொன்னது நான்தான். ஓம், நான்தான். வேதக்காரனுக்கு உதிலை என்ன கதை எண்டு நீங்கள் கேக்கிறது எனக்குக் கேக்குது. உங்கட ஆக்கள் ஒருத்தரும் வாய் திறக்கேல்லை. ஆராவது சொல்லத்தானே வேணும்? அந்த ஆள் வாறார், அக்கா. போகேல்லை. நிக்கவும் இல்லை. வாறார். நீங்கள் எப்பவும் நான் கதைச்சு முடிக்க முன்னம் எழும்பிப் போறனீங்கள். இண்டைக்கு ஏலாது. கிடந்து கேளுங்கோ."

மனோன்மணி அக்காவின் தலைமாட்டில் நின்று, கிறிஸ்தவனான நான் மனதுக்குள் போட்ட சண்டை இது. எங்கள் சண்டைகளிலேயே அவர் இடையில் எழுந்து போகாத சண்டை இது ஒன்றுதான். அதனால்தான் நான் வென்றேன். வென்றதில் ஒரு சந்தோசமும் இல்லை.

செய்தி வந்தபோது நான் இத்தாலியில், பலேர்மோவின் கபோ சந்தையில் வாள்மீன் துண்டு ஒன்றுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். மழை தூறியது. அக்கா குடியிருந்த வீட்டின் கீழ்த்தளத்தில் இருக்கும் யோசேப்பு குடையில்லாமல் ஓடிவந்தார்.

"சூசையண்ணை, மனோன்மணி அக்கா எழும்பேல்லை."

"இண்டைக்கு வியாழக்கிழமை. அரைநாள் லீவு. படுக்கட்டும், விடும்."

"அண்ணை, எழும்பேல்லை எண்டு சொல்லுறன்."

பலேர்மோவில் உள்ள தமிழர் எல்லோருக்கும் பொய்க்கதை சொல்லிக் கயிறு விடுகிறவன் நான். இன்றைக்கு எனக்கு ஒருவர் விடுகிறார் என்றுதான் நினைத்தேன். யோசேப்பின் முகத்தில் சிரிப்பு வரும் வரும் என்று பார்த்துக்கொண்டே நின்றேன். வரவில்லை. மீன்காரன் துண்டைச் சுற்றி நீட்டினான். நான் வாங்காமல் நடந்தேன்.

நித்திரையிலேயே இதயம் நின்றுவிட்டது என்று டொக்டர் சொன்னார். பக்கத்து அறைப் பெண்கள் அக்காவைக் குளிப்பாட்டி, சேலை உடுத்தி, தலை வாரி முடித்திருந்தார்கள். ஆனால் நெற்றி வெறுமையாக இருந்தது. ஒரு பெண் குங்குமச் சிமிழைத் திறந்து பிடித்தபடி மற்றவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். புருசன் உயிரோடு இருக்கும்போது சாகிறவருக்குப் பொட்டும் பூவும் வைத்துத்தான் அனுப்புவார்கள். இல்லாதவருக்கு வைப்பதில்லை. அக்காவின் புருசன் இருக்கிறாரா இல்லையா என்பது மூன்று வருடமாக ஒருவருக்கும் தெரியாது. மகள் வசந்தி வன்னியில். அங்கே கேட்டுச் சொல்ல ஒரு ரெலிபோனும் இல்லை.

"சூசையண்ணை, நீங்கள்தானே அவவோடை கூடக் கதைக்கிறனீங்கள். என்ன செய்யிறது?" என்று என்னைக் கேட்டார்கள்.

"வையுங்கோ" என்றேன். "பெரிசாய் வையுங்கோ."

நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை. அக்காவின் முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு எழுதித் தரக் கேட்டபோது, எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன், எழுதுவது எங்கே என்று மறுத்தேன். அப்படியென்றால் நீங்கள் சொல்லுங்கள், நான் எழுதுகிறேன் என்றார் யோசேப்பு. என் பகிடிகளை வெட்டக்கூடாது, என் தமிழைத் திருத்தலாம் என்று ஒப்பந்தம்.

அக்காவை நான் முதலில் கண்டது தொண்ணூற்றோராம் ஆண்டு, துறைமுகத்துக்குக் கிட்ட, சிஞ்ஞோரா என்று நாங்கள் கூப்பிட்ட இத்தாலிய அம்மாவின் வீட்டில். கப்பல் கப்டன் ஒருவரின் விதவை அந்தச் சிஞ்ஞோரா. முழங்கால் இரண்டும் பழுது. பிள்ளைகள் இல்லை. சமையலுக்கும் வீட்டுக்கும் அக்கா. சாமான் சுமக்க, குழாய் திருத்த, யன்னல் பலகைக்கு எண்ணெய் போட நான். வெயில் காலத்தில் மொண்டெல்லோ கடற்கரைக்குக் கதிரை அடுக்கப் போய்விடுவேன். மழை தொடங்கத் திரும்பி வருவேன்.

முதல் நாளே நான் அவரை அக்கா என்று கூப்பிட்டேன். இடுப்பில் கைவைத்துத் திரும்பினார்.

"உங்களுக்கு என்ன வயது?"

"உங்களைவிடக் குறைவுதான், அக்கா."

"பல்லு விழுந்த தம்பியை நான் ஒரு இடமும் காணேல்லை."

நான் அவரைவிட ஏழு வயது மூத்தவன். ஆனாலும் விடவில்லை. நான் கூப்பிடுவதைக் கேட்டு யோசேப்பும் அப்படிக் கூப்பிட்டார், யோசேப்பைக் கேட்டு மற்றவர்கள். கடைசியில் இந்த ஊரில் எல்லோருக்கும் அவர் அக்கா. "உங்கடை வாயாலை நான் கிழவியாய்ப் போனன்" என்று அடிக்கடி திட்டுவார்.

கொக்குவிலில் அவருக்கு ஒரு வீடும் தோட்டமும் இருந்தன. புருசன் தில்லையம்பலத்தார். இருக்கிற காணியை ஈடு வைத்து அக்கா இங்கே வந்ததே, பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதி சரியானதும் அவரையும் மகளையும் எடுத்துவிடலாம் என்றுதான். சில வருடங்களில் பெர்மெஸ்ஸோ கிடைத்தது. தில்லையம்பலத்தார் கிடைக்கவில்லை. அவரிடம் ஒரு செவலைப் பசு இருந்தது. அவர் கொழும்புக்கு வரும்போதெல்லாம் ரெலிபோனில் ஒரே கதை.

"மாட்டை ஆர் பாக்கிறதாம்" என்று ரிசீவரை வைத்துவிட்டு அக்கா சொல்லுவார்.

"அக்கா, மாட்டுக்கும் ஒரு பெர்மெஸ்ஸோ எடுப்பம். குவெஸ்தூராப் பொலிசிலை கைரேகை கேட்டால் குளம்பை அமத்திவிடலாம்."

கையில் என்ன இருக்கிறதோ அதை எறிவார். ஒருநாள் கத்தரிக்காய். அவர் குறி தவறுவதில்லை.

இனி அந்தப் படம்.

கப்டன் யப்பானில் இருந்து கொண்டுவந்த சுருள்படங்கள் சில அந்த வீட்டில் இருந்தன. காக்கெமோனோ என்பார் சிஞ்ஞோரா. நான் சுருட்டுப்பாய் என்பேன். மேலே மெல்லிய தடி, அதில் ஒரு கயிறு. கீழே பாரமான உருண்டைத் தடி. இடையில் பட்டுக் கரை வைத்த ஒரு தாள், அதில் கறுப்பு மையால் கீறிய படம். நீளமான மரப்பெட்டிக்குள் சுருண்டு கிடக்கும். எல்லாவற்றையும் ஒன்றாக மாட்டக்கூடாது. காலத்துக்கு ஒன்று. பூக்கிற காலத்துக்குப் பூ, குளிருக்குப் பனி, மழைக்கு மழை. யப்பானில் மழைக்காலம் ஆனி மாதமாம். பலேர்மோவில் ஆனியில் வெயில் மண்டையைப் பிளக்கும். அதனால் சிஞ்ஞோரா காலத்தை மாற்றிவிட்டார். கார்த்திகையில் முதல் மழை யன்னலில் அடிக்கும் அன்று மழைப்படம் வெளியே வரும். எங்கள் ஊரிலும் மழை கார்த்திகையில்தானே. அக்காவுக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று.

மழை நாளில் இப்படிப் படங்களை வெளியே எடுப்பது உண்மையில் கூடாத வேலை. தாளும் பட்டும் ஈரத்தைக் குடித்துவிடும். அதனால் சட்டதிட்டம் கடுமை. யன்னல் எல்லாம் பூட்டவேண்டும். குசினியில் எதுவும் கொதிக்கக்கூடாது. சுவரை நான் தடவிப் பார்த்து, ஈரம் இல்லை என்றால் மட்டும், கவைத்தடியால் கயிற்றைத் தூக்கி ஆணியில் மாட்டுவேன். அக்கா கீழே இருந்து மெல்ல மெல்ல அவிழ்ப்பார். ஒரு தரத்துக்கு ஒரு பின்னேரம் மட்டும்தான். பிறகு கழற்றிக் கட்டிலில் விரித்து, காய்ந்த காற்று வருகிற நாள்வரை பார்த்திருந்து சுருட்டவேண்டும்.

படத்துக்கு முன்னால் மூன்று கதிரை போடச் சொல்லுவார் சிஞ்ஞோரா. வேலைக்காரரைப் பக்கத்தில் இருத்தும் வீடுகள் அப்போது இந்த ஊரில் குறைவு. "முழுவதையும் ஒரே தரத்தில் பார்க்காதீர்கள். மழை விழுகிற மாதிரி மேலேயிருந்து கீழே வாருங்கள்" என்பார்.

மேலே ஒன்றும் இல்லை. வெறும் வெள்ளை. அதற்குக் கீழே மலை மாதிரி ஒரு நிழல். இன்னும் கீழே ஒரு மரப்பாலம். பாலத்தில் சில பேர், ஓலைத்தொப்பி போட்டுக் குனிந்தபடி இந்தப் பக்கம் ஓடி வருகிறார்கள். எல்லோருக்கும் கடைசியில், பாலத்தின் அந்தத் தொங்கல் முனையில், தொப்பியில்லாமல் ஒரு மெலிந்த ஆள். அவ்வளவுதான்.

"கீறினவனுக்கு மை முடிஞ்சுபோச்சுப் போலை. அரைவாசித் தாள் சும்மா கிடக்குது" என்றேன்.

"அது மழை, விசரண்ணை. கார்த்திகை மழைக்கை எங்கட முன்வீடு தெரியுமோ? அப்பிடித்தான் கீறியிருக்கினம்."

அதன்பிறகு நானும் கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்தேன். வெளியே மழை இரைந்தது. படத்தில் அது சத்தமில்லாமல் பெய்தது. கதிரையில் இருந்தபடியே கால் நனைந்த மாதிரி இருந்தது. பகிடிக்குச் சொல்லவில்லை.

ஆனால் எத்தனை நேரம்தான் வாயை மூடியிருப்பது?

"அக்கா, அந்தக் கடைசி ஆள் திரும்பிப் போறார். வீட்டிலை என்னத்தையோ மறந்திட்டார்."

"போகேல்லை. வாறார்."

"முகம் இல்லையே. முதுகைப் பாருங்கோ."

"அது நெஞ்சு."

"நெஞ்சு எண்டால் தாடி எங்கை?"

"எல்லா ஆம்பிளையளும் உங்களைப் போலை சவரஞ் செய்யாமலே திரியினம்?"

நான் அடுத்ததைச் சொல்ல வாயெடுக்க, அவர் கோப்பைகளை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். ஒவ்வொரு மழைக்கும் இது நடந்தது. அந்த ஆளை நான்கைந்து கோடுகளில்தான் கீறியிருந்தார்கள். கால் இரண்டையும் பாலத்துக் கைப்பிடி மறைத்தது. நான் போகிறார் என்பேன், அக்கா வருகிறார் என்பார். சிஞ்ஞோராவிடம் நியாயம் கேட்டால் அவர் நித்திரையாகி இருப்பார், அல்லது நித்திரைபோல் இருப்பார்.

ஒருமுறை மழைக்காலம் முடிந்து படத்தைச் சுருட்டி வைத்தது அக்கா. ஊரில் கூறைச்சேலையை எடுத்து வைக்கும்போது பூச்சி அரிக்காமல் இருக்க மடிப்புக்குள் ஒரு மஞ்சள் துண்டு வைப்பார்கள் அல்லவா? சிஞ்ஞோராவின் பட்டும் பட்டுத்தானே என்று அந்தச் சுருளுக்குள்ளும் ஒன்றை வைத்துவிட்டார். பெட்டி எங்கேயோ ஈரம் குடித்திருக்கிறது. அடுத்த கார்த்திகையில் நான் மேலே தூக்க, அவர் கீழே அவிழ்க்க, பாலம்வரை வந்ததும் அவருடைய கை நின்றுவிட்டது. கடைசி ஆளின் கைக்குப் பக்கத்தில், விரல் நகம் அளவுக்கு ஒரு மஞ்சள் கறை.

சிஞ்ஞோரா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், திரும்பப் போட்டார். அக்கா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு நின்றார். அக்காவின் வேலை போகப்போகிறது என்று நான் முன்னுக்கு வந்தேன். எனக்குத் தெரிந்த இத்தாலியன் சொற்கள் எல்லாவற்றையும் கூட்டிச் சேர்த்தேன்.

"சிஞ்ஞோரா, அந்த மனிசன் இவ்வளவு வருசமும் இருட்டுக்கை நிண்டவர். மனோ ஒரு விளக்குக் குடுத்திருக்கிறா."

சிஞ்ஞோரா கிட்டப் போய்ப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தோம். சிரித்தார்! "கப்டன் இருந்திருந்தால் உங்கள் இருவரையும் கடலில் போட்டிருப்பார். உட்காருங்கள், விளக்கோடு பார்ப்போம்" என்றார்.

அது தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு. அதற்குப் பிறகு அப்படிச் சிரித்த மழைக்காலம் எங்களுக்கு ஒன்றுதான் வந்தது.

தொண்ணூற்றைந்தில் மழை தொடங்கும்போதே, இராணுவம் நெருங்க, யாழ்ப்பாணத்துச் சனம் முழுவதும் ஊரைவிட்டு வெளிக்கிட்டுவிட்டது என்ற செய்தி வந்தது. இரவோடு இரவாக, கொட்டும் மழையில், ஊருக்கு வெளியே உள்ள பாலத்தைத் தாண்டி, நெருக்கத்தில் ஒரு அடி வைக்க ஒரு நாழிகை ஆனதாகச் சொன்னார்கள். யாருக்கும் யாரைப் பற்றியும் தெரியாது. அக்கா வேலைக்கு வந்தார், சமைத்தார், துடைத்தார். ஆனால் நான் விடும் பகிடிக்குத் திருப்பி அடிக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

கார்த்திகை கழியப்போகும் ஒருநாள் மழைப்படத்தை மாட்டியிருந்தோம். யாரும் இன்னும் உட்காரவில்லை. நடையில் ரெலிபோன் அடித்தது. வசந்தி வவுனியாவுக்கு வந்து ஒரு கடையில் இருந்து எடுத்திருந்தாள். அக்கா "ஓம், ஓம்" என்றதுதான் எங்களுக்குக் கேட்டது. பிறகு வந்து, யாரும் கூப்பிடாமலே படத்துக்கு முன்னால் இருந்தார்.

"பிள்ளை சுகமாம்" என்றார்.

"அத்தார்?" என்று அவர் புருசனைக் கேட்டேன்.

"பாலத்தடிவரைக்கும் கூட வந்தவராம். குடையைப் பிள்ளையிட்டைக் குடுத்திட்டு, 'மாடு கட்டையிலை நிக்குது, அவிட்டுவிட்டிட்டு வாறன்' எண்டு திரும்பினவராம். அவ்வளவுதான் அண்ணை. பிறகு ஒருத்தரும் காணேல்லை."

வீட்டில் என்னத்தையோ மறந்துவிட்டார், திரும்பிப் போகிறார் என்று நான் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்த ஆள் அங்கே பாலத்தில் நின்றார், தொப்பியில்லாமல். அக்கா அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப சொல்லுங்கோ" என்றார். "போறாரோ, வாறாரோ?"

"வாறார், அக்கா."

"முந்திப் போறார் எண்டனீங்கள்."

"அது பழைய கண்ணாடி. இப்ப புதுசு போட்டிருக்கிறன்."

நான் கண்ணாடியே போடுவதில்லை. அது அவருக்கும் தெரியும். ஆனாலும் தலையாட்டினார்.

அதன்பிறகு ஊரில் இருந்து யார் புதிதாக வந்தாலும், அவர்கள் பையை இறக்கி வைக்குமுன்னே அக்கா போய் நிற்பார். "பாலத்தடியிலை ஒரு மெலிஞ்ச ஆள், குடையில்லை, கையிலை மாட்டுக்கயிறு, கண்டனீங்களோ?" பாலத்தடியில் எல்லோரும் மெலிந்த ஆட்கள்தான், எல்லோரும் நனைந்தவர்கள்தான். பாவம், என்ன சொல்லுவார்கள்? சிலர் நல்லதென்று நினைத்து, செய்ய வேண்டியதைச் செய்துவிடுங்கள், ஆத்மா அலையும் என்றார்கள். அக்கா அவர்கள் முன்னாலேயே கைப்பையில் இருந்து கண்ணாடி எடுத்து, பொட்டைத் துடைத்து, முந்தியதைவிடப் பெரிதாக வைத்துக்கொண்டு எழுந்து போனார். அவர்களும் கதைத்து முடிக்கவில்லை.

கோடையில் படம் பெட்டிக்குள் இருக்கும். அப்போது அக்கா சிஞ்ஞோராவிடம் ஒன்றும் கேட்பதில்லை. முதல் மழைக்கு மட்டும், வேலை நேரத்துக்கு முன்னமே வந்துவிடுவார். சுவரைத் தானே தடவிப் பார்ப்பார். ஈரமாக இருந்தாலும் காய்ந்திருக்கிறது என்பார்.

அக்காவைத் தகனம் செய்ய எடுத்துப்போன நாளில் சிஞ்ஞோரா முழங்கால் வலியோடு வாடகைக் காரில் வந்தார். மரப்பெட்டியை மடியில் வைத்திருந்தார். "இதை அவளுடன் அனுப்பட்டுமா, சூசா?" என்று கேட்டார்.

"வேண்டாம், சிஞ்ஞோரா. அந்த ஆள் வந்தால், வந்து கேக்க ஒரு இடம் வேணும்."

அவர் பெட்டியைத் திரும்பக் கொண்டுபோனார். அடுத்த நாள் நான் போனபோது படம் சுவரில் தொங்கியது, யாரையோ பிடித்து மாட்டுவித்திருக்கிறார். வெளியே அடைமழை. சுவரில் கை வைத்தேன், ஈரம். தாளின் ஓரம் நெளியத் தொடங்கியிருந்தது. "பழுதாகப் போகுது, கழட்டட்டோ?" என்றேன். "விடு" என்றார். நாங்கள் இருவரும் கதிரையில் இருந்தோம். மேலே இருந்து கீழே வந்தோம். அந்த மஞ்சள் அப்படியே இருந்தது. மூன்றாவது கதிரையை அவரும் எடுக்கச் சொல்லவில்லை, நானும் எடுக்கவில்லை. கதிரை இருந்து என்ன? பகிடிக்குத் திட்ட ஆளில்லாத வீட்டில் நான் என்னத்தைப் பகிடி விடுவது? நீங்கள் இருந்தவரைக்கும் நான் கிழவன் ஆகவில்லை, அக்கா. அன்றைக்குத்தான் ஆனேன்.

கடைசியாக அக்காவைக் கண்ட பின்னேரத்தைச் சொல்லிவிட்டு நிறுத்துகிறேன். அவர் போவதற்கு முந்திய வாரம், இந்த வருடத்தின் முதல் மழை. படத்தை மாட்டினோம். சிஞ்ஞோரா உண்மையாகவே நித்திரை. அக்கா விரலால் பொட்டைத் தொட்டார்.

"சூசையண்ணை, பகிடி விடாமல் ஒண்டு சொல்லுங்கோ. இதை நான் இனி வைக்கிறதோ, விடுறதோ?"

"ஏன் இப்ப கேக்கிறியள்?"

"மூண்டு வருசமாய்ப் பாக்கிறன். வாறவர் எண்டால் ஒரு அடியாவது கிட்ட வந்திருக்கவேணும். போறவர் எண்டால் மறைஞ்சிருக்கவேணும். அவர் வரவுமில்லை, போகவுமில்லை. நிக்கிறார், அண்ணை. நான் வருவன் எண்டு பாத்துக்கொண்டு நிக்கிறார்."

நான் எழும்பிப் படத்துக்குக் கிட்டப் போய் அந்த ஆளைப் பார்த்தேன். அக்கா என் பதிலுக்குக் கொஞ்சம் பார்த்திருந்தார். பிறகு குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். அவர் படியில் இறங்கும் சத்தம் கேட்டபிறகுதான் எனக்குப் பதில் வந்தது. ஓடிப்போய்ப் படித் தொங்கலில் நின்று கத்தினேன்.

"அக்கா, நில்லுங்கோ! விளக்கை யோசிச்சுப் பாருங்கோ!"

"நாளைக்குச் சொல்லுங்கோ. பஸ் போகப்போகுது" என்று கீழே இருந்து குரல் வந்தது.

"சும்மா நிக்கிற ஆள் விளக்கைக் காலடியிலை வைப்பான். போற ஆளின்ரை விளக்கை அவன்ரை உடம்பு மறைக்கும். எங்களுக்குத் தெரியுதெண்டால், அக்கா, அவர் அதை முன்னுக்குப் பிடிச்சுக்கொண்டு..."

யன்னலுக்கு ஓடினேன். கீழே தெருவில் கறுப்புக் குடைகள், எல்லாம் குனிந்தபடி ஒரே பக்கம் போய்க்கொண்டிருந்தன. கடைசிக் குடை அவருடையது. யன்னலைத் திறந்தேன். மழை உள்ளே அடித்தது.

"முன்னுக்குப் பிடிச்சுக்கொண்டு, அக்கா..."

திரும்பிப் பார்க்காமல் கையை மட்டும் உயர்த்தி அசைத்துவிட்டுப் போனார்.